200 கட்டுரைகள் எழுதிய மருத்துவரிடம் அம்மாவின் முதுகை ஒப்படைக்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து குணமாகியிருந்தது. இப்போது முதுகுவலி. நடுமுதுகில் இரண்டு முள்ளெலும்புகளில் நோய் பரவியிருப்பதாக எம்.ஆர்.ஐ. சொல்கிறது. அறுவை சிகிச்சை செய்யலாம் என்று ஒரு மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவர் பெயரைத் தேடிப் பார்த்தீர்கள். முதுகுத்தண்டு அறுவை, புற்றுநோயியல் இரண்டிலும் சேர்த்து 200க்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 38 என்று வந்தது. "இது பெரிய எண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணைப் பற்றிக் கேட்டாலும், இந்த மனிதரிடம் அம்மாவின் முதுகை ஒப்படைக்கலாமா என்பதே உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று எனக்குப் படுகிறது. நான் கதிர்வீச்சு சிகிச்சை மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக முதுகுத்தண்டு அறுவை மருத்துவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து இதே போன்ற படங்களைப் பார்த்து முடிவெடுத்து வருகிறேன். அவர்கள் எழுதியதையும் படித்திருக்கிறேன், அவர்கள் அறுவை செய்து அனுப்பிய நோயாளிகளையும் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டையும் வைத்துத்தான் இந்தப் பதில்.

அதற்கு முன் ஒன்று. அம்மாவுக்குக் கால் தளர்ந்தாலோ, நடை தள்ளாடினாலோ, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமம் வந்தாலோ, யாருடைய கட்டுரையையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தண்டுவடம் நெருக்கப்படும்போது ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கியவர்கள் பெரும்பாலும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். கால் விழுந்த பிறகு வருகிறவர்களில் மீண்டும் எழுந்து நடப்பவர்கள் குறைவு. இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

இனி அந்த எண். எச்-இன்டெக்ஸ் என்பது 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. 38 என்றால், அவருடைய கட்டுரைகளில் 38 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 38 முறையாவது பிற கட்டுரைகளில் எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். இந்தத் துறையில் அது மதிக்கத்தக்க எண்தான். நெடுங்காலம் எழுதியவர், அவர் எழுதியதைப் பிறர் படிக்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது. அவர் தைத்த காயம் ஆறியதா என்று காட்டாது. வயது கூடக் கூட இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. பிறருடைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் மறுஆய்வுக் கட்டுரைகள் அதிகம் எடுத்துக்காட்டப்படும் என்பதால் அவையும் எண்ணை உயர்த்தும். பல நாட்டு மருத்துவர்கள் கூட்டாக எழுதும் பரிந்துரைகளில் ஒரு பெயராக இருந்தாலும் உயரும். இவை எதுவும் தவறில்லை. ஆனால் இவை எதுவும் உங்கள் கேள்விக்குப் பதிலும் இல்லை.

ஆகவே எண்ணை விட்டுவிட்டுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். முதலில் அந்த 200ம் அவருடையவைதானா என்று பார்க்க வேண்டும். நம் பெயர்களில் இது பெரிய சிக்கல். முன்னெழுத்தும் ஒரு பெயரும் கொண்ட நம் வழக்கம் மேல்நாட்டுக் குடும்பப் பெயர் முறைக்குள் பொருந்துவதில்லை. அப்பா பெயர் ஒரு கட்டுரையில் கடைசிப் பெயராகவும், இன்னொன்றில் முதல் எழுத்தாகவும் நிற்கும். 'குமார் எஸ்' என்று பப்மெட் என்ற இணைய மருத்துவக் கட்டுரைப் பட்டியலில் தேடினால் இதய மருத்துவர், பல் மருத்துவர், மரபியல் ஆய்வாளர் எல்லோரும் ஒரே வரிசையில் வருவார்கள். 2002க்கு முந்தைய கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் முழுப் பெயரும் அங்கே கிடைக்காது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தானாகவே சேர்த்துக்கொள்ளும் பட்டியல்களில் அடுத்தவர் கட்டுரை நுழைந்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். 2012இல் தொடங்கிய ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதற்காகவே வந்தது. அவருக்கு அந்த எண் இருந்தால் அதன் வழியே போங்கள். மேல்நாட்டுப் பெயர்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. முதுகெலும்புக்குப் பரவிய புற்றில் அறுவையால் பயனுண்டா என்ற ஒரே கேள்வியில், 1980இல் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் யங், 2005இல் வந்த ஆய்வின் கடைசி ஆசிரியரும் யங். முன்னவர் ரொனால்ட், பின்னவர் பைரன். ஒருவர் என்று நினைத்துவிட்டால், இருபத்தைந்து ஆண்டுகளில் தன் கருத்தை மாற்றிக்கொண்ட ஓர் அறுவை மருத்துவரின் கதையாக அது தெரியும்.

பிறகு, பெயர் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளில் பொதுவாக முதல் பெயர் வேலையைச் செய்தவர், கடைசிப் பெயர் அந்த வேலைக்குப் பொறுப்பேற்ற மூத்தவர். நடுவில் இருப்பவர்களின் பங்கு கட்டுரைக்குக் கட்டுரை மாறும். ஒருவர் நோயாளிகளைச் சேர்த்துத் தந்திருப்பார், இன்னொருவர் படங்களைப் படித்துத் தந்திருப்பார், சில நேரம் துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் ஒரு பெயர் நிற்கும். கருத்திலோ தரவிலோ உண்மையான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு என்று நான்கு நிபந்தனைகளை மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வைத்திருக்கிறது. எல்லோரும் அதைக் கடைப்பிடிப்பதில்லை. மருத்துவக் கல்லூரியில் பதவி உயர்வுக்குக் கட்டுரை தேவைப்படும் நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. 200இல் முதலிலோ கடைசியிலோ அவர் பெயர் நிற்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அவற்றில் புற்று பரவிய முதுகெலும்பைப் பற்றியவை எத்தனை என்று மறுபடி எண்ணுங்கள். 200 சில நேரம் 15 ஆகிவிடும். அந்த 15தான் உங்களுக்கு வேண்டும். குழந்தைகளின் முதுகு வளைவை நிமிர்த்துவதில் அவர் எழுதிய 80 கட்டுரைகள் அவருடைய திறமைக்குச் சான்றாகலாம், ஆனால் உங்கள் அம்மாவின் நோய் வேறு.

கட்டுரைகளின் வகையும் முக்கியம். ஒரே நோயாளியைப் பற்றிய குறிப்பு, தன் மருத்துவமனையின் பழைய கோப்புகளைத் திரும்பிப் பார்த்து எழுதியது, அரசு அல்லது காப்பீட்டுத் தரவுத்தொகுப்பைக் கணினியில் அலசி எழுதியது, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு எல்லாமே பட்டியலில் தலா ஒன்றுதான். தரவுத்தொகுப்பை வைத்து ஒரு நோயாளியையும் பார்க்காமல் ஓராண்டில் பத்துக் கட்டுரை எழுதிவிடலாம். குலுக்கல் ஆய்வு ஒருவரின் பத்தாண்டை விழுங்கும்.

அப்படி ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ராய் பாச்செல் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவரின் தலைமையில் 2005இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த கட்டுரை அது. அதற்கு முன், தண்டுவடத்தைப் புற்று நெருக்கினால் கதிர்வீச்சு மட்டுமே போதும் என்பதே பொதுவான எண்ணம். நான் மேலே சொன்ன 1980ஆம் ஆண்டு ஆய்வில் 29 பேர்தான். முதுகெலும்பின் பின்புறத் தகட்டை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்ததும், வெறும் கதிர்வீச்சு கொடுத்ததும் ஒன்றாகவே முடிந்தன. பாச்செல் குழு கேள்வியையே திருத்திக் கேட்டது. புற்று பெரும்பாலும் முள்ளெலும்பின் உடற்பகுதியில், தண்டுவடத்துக்கு முன்னால் இருக்கிறது, பின்னால் உள்ள எலும்பை எடுத்து என்ன பயன், உள்ளதையும் தளர்த்தத்தானே செய்கிறோம்? நெருக்கும் கட்டியை நேரடியாக எடுத்து, தேவையானால் உலோகத் தண்டும் திருகும் வைத்து நிறுத்தினால் என்ன? 1992 முதல் 2002 வரை, ஏழு மருத்துவ மையங்களில், பத்தாண்டு முயன்றும் கிடைத்தவர்கள் 101 பேர். அறுவையும் கதிர்வீச்சும் பெற்ற 50 பேரில் 42 பேர் சிகிச்சைக்குப் பின் நடந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்ற 51 பேரில் 29 பேர். நடக்கும் திறன் நீடித்த நாட்களின் இடைநிலை அளவு முதல் குழுவில் 122, இரண்டாவதில் 13. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 122க்கும் 13க்கும் இடையில் இருப்பது வீட்டுக்குள் நடந்து குளியலறைக்குத் தானே போய்வரும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட காலம். என் துறையின் சிகிச்சைதான் அந்த ஆய்வில் தோற்றது. அதைப் படித்த பிறகுதான் அறுவை மருத்துவரின் அறைக் கதவை முன்கூட்டியே தட்டப் பழகினேன்.

ஆனால் அதே கட்டுரையில் யாரைச் சேர்க்கவில்லை என்ற பத்தியையும் படிக்க வேண்டும். கதிர்வீச்சுக்கு எளிதில் கரையும் நிணநீர்ப் புற்று, எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா போன்றவை இல்லை. தண்டுவடம் பல இடங்களில் நெருக்கப்பட்டவர்கள் இல்லை. முழுவதும் செயலிழந்து 48 மணி நேரத்தைக் கடந்தவர்கள் இல்லை. மூன்று மாதமாவது வாழ வாய்ப்புள்ளவர்களையே சேர்த்தார்கள். தண்டுவடம் நெருக்கப்படாமல் எலும்பில் மட்டும் நோய் இருப்பவருக்கு இந்த ஆய்வு எதையும் சொல்லவில்லை. உங்கள் அம்மாவின் அறிக்கையில் "தண்டுவடம் நெருக்கப்படவில்லை" என்று இருந்தால், இதைக் காட்டி யாரும் அறுவைக்கு அவசரப்படுத்த முடியாது. ஒரு நல்ல ஆய்வாளரை நான் அடையாளம் காண்பது இந்தப் பத்தியில்தான். தன் முடிவு எங்கே நின்றுவிடுகிறது என்று அவர் எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பேன்.

எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. புற்றுநோய் அல்ல, முதுகெலும்புக் காசநோய். (படத்தில் இரண்டும் ஒன்றைப் போல ஒன்று தெரியும். காசநோய் இரு எலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டையும் அரிக்கும். புற்று பெரும்பாலும் வட்டை விட்டுவைக்கும். ஐயம் இருந்தால் ஊசியால் திசு எடுத்துப் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது.) சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் பங்கேற்ற ஆய்வில், பெரிய அறுவை சிகிச்சையையும் நோயாளி நடமாடிக்கொண்டே சாப்பிடும் குறுகிய கால மருந்தையும் ஒப்பிட்டு, பத்தாண்டு தொடர்ந்து பார்த்து, முடிவை 1999இல் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு மருந்தே போதும் என்று அது காட்டியது. முதுகெலும்புக் காசநோய் வந்த குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, யாருக்குக் கூன் பின்னாளில் மோசமாகும் என்பதைச் சொல்லும் நான்கு எக்ஸ்ரே அடையாளங்களைக் கோவையைச் சேர்ந்த எஸ். ராஜசேகரன் 2001இல் எழுதினார். பட்டியலில் அது ஒரு வரி. ஒரு கேள்வியோடு 15 ஆண்டு இருந்தவரின் ஒரு வரி.

எண்ணிக்கை ஏமாற்றுவதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. முதுகெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்க எலும்பு வளர்ச்சிப் புரதம் ஒன்று 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நிறுவனம் மெட்ரானிக். அதன் ஆதரவில் வெளிவந்த 13 ஆய்வுக் கட்டுரைகளில், 780 நோயாளிகளில் ஒருவருக்குக்கூட அந்தப் புரதத்தால் பாதிப்பு வந்ததாகச் சொல்லப்படவில்லை. 2011இல் யூஜின் கராகி என்ற அறுவை மருத்துவர், தான் ஆசிரியராக இருந்த தி ஸ்பைன் ஜர்னல் இதழில், அனுமதிக்காக அரசிடம் கொடுத்த ஆவணங்களையும் பிற தரவுகளையும் அந்தக் கட்டுரைகளோடு ஒப்பிட்டார். எந்த வழியாக அறுவை செய்தார்கள் என்பதைப் பொறுத்து 10 முதல் 50 விழுக்காடு வரை பாதிப்பு இருக்கலாம் என்று எழுதினார். 1996 முதல் 2010 வரை சுமார் 21 கோடி டாலர் அந்த நிறுவனத்திடமிருந்து கட்டுரை எழுதிய மருத்துவர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் போனதாக 2012இல் அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை சொன்னது. யேல் பல்கலைக்கழகம் நிறுவனத்திடமிருந்து மூலத் தரவைப் பெற்று இரண்டு தனிக் குழுக்களிடம் கொடுத்தது. 2013இல் வந்த அவர்களின் முடிவு: நோயாளியின் சொந்த எலும்பை எடுத்து வைப்பதைவிடப் பெரிய நன்மை இல்லை, புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுவதற்கான அறிகுறி உண்டு, ஆனால் புற்று வந்தவர்கள் மிகச் சிலரே என்பதால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பணம் வாங்கிய எல்லோரும் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை. ஆனால் உங்கள் மருத்துவர் ஒரு குறிப்பிட்ட திருகையோ கருவியையோ பற்றித் தொடர்ந்து எழுதியிருந்தால், கட்டுரையின் கடைசியில் சிறிய எழுத்தில் வரும் பொருளாதாரத் தொடர்புகள் பற்றிய வரியைத் தவறாமல் படியுங்கள். தான் அறுவை செய்த நோயாளிகளைத் திரட்டி எழுதும் தொகுப்பில் சிக்கல் பூஜ்யம் என்று இருந்தால் அதை நான் நம்புவதில்லை. இரத்தப்போக்கு, காயம் சீழ்பிடித்தல், திருகு தளர்தல் இவை இல்லாத பெரிய தொகுப்பு இருக்க முடியாது. கதிர்வீச்சு பெற்ற முதுகில் காயம் ஆறுவது கடினம் என்பது எங்கள் இரு துறைகளுக்கும் தெரியும்.

இதை எழுதும்போது எனக்கும் ஒரு கடன் நினைவுக்கு வருகிறது. இளம் வயதில் நானும் ஒரு தொகுப்பை எழுதினேன். அட்டவணைக்கு அடியில், மறுபரிசோதனைக்கு வராதவர்கள் என்று ஒரு குறியிட்டுச் சிலரை விட்டுவிட்டேன். பின்னர் எங்கள் சமூகப் பணியாளர் அந்த முகவரிகளுக்கு அஞ்சலட்டை போட்டார். திரும்பி வந்த அட்டைகளில் ஒன்றில், ஒரு மகன் நீல மையில் நான்கு வரி எழுதியிருந்தார். அம்மா ஊருக்குப் போன மூன்றாம் வாரமே படுக்கையில் விழுந்துவிட்டார், பஸ்ஸில் உட்கார வைத்துக் கூட்டிவர முடியவில்லை என்று. என் அட்டவணையில் அந்த அம்மா வெறும் உடுக்குறி (*). அன்றிலிருந்து எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முடிவுரைக்கு முன் அந்த உடுக்குறியைத்தான் தேடுகிறேன். எத்தனை பேரைக் காணவில்லை, ஏன் காணவில்லை என்று சொல்லும் ஆசிரியரை மதிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் இதுவரை கண்ட மிகச் சிறந்த முதுகு அறுவை மருத்துவர்களில் ஒருவருக்குக் கட்டுரைகள் ஒரு கைவிரலில் அடங்கும். எங்கள் வாராந்தரக் கூட்டத்தில் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கட்டைவிரல் நகத்தால் எலும்பின் ஓரத்தை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வருவார். ஒருநாள் அப்படித் தடவிய விரலை எடுத்துவிட்டு, "இவர் கல்லீரல் அறிக்கை எங்கே?" என்று கேட்டார். பார்த்துவிட்டு, "இவருக்கு நான் செய்யப் போவதில்லை. நீங்கள் கதிர்வீச்சு கொடுங்கள், வலி குறையட்டும்" என்றார். யாருக்குச் செய்யக் கூடாது என்று தெரிந்திருப்பது இந்தத் துறையில் பாதித் திறமை. அது எந்த எண்ணிலும் ஏறுவதில்லை. அதே சமயம், நிறைய எழுதியவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. எழுதுவதால் கை மழுங்கிவிடாது.

எது உறுதி, எது உறுதியில்லை என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். தண்டுவடம் நெருக்கப்பட்டு, நோயாளியின் பொதுநிலை நன்றாக இருந்தால், அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்து நடையைக் காக்கும் என்பது திடமானது. எலும்பு தாங்குமா சரியுமா என்பதைப் பார்க்க 2010இல் வந்த சின்ஸ் என்ற மதிப்பெண் முறை பயனுள்ளது. 18க்கு 6 வரை என்றால் திடம், 7 முதல் 12 வரை ஐயம், 13 முதல் சரியும் ஆபத்து. அறுவை மருத்துவர் அல்லாத நாங்களும் அதே மொழியில் பேச அது உதவுகிறது. துல்லியமாகக் குவித்து அதிக அளவில் கொடுக்கும் கதிர்வீச்சு வழக்கமான முறையைவிட வலியை நன்றாகத் தணிக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்து 2021இல் வந்த ஆய்வில் மூன்று மாதத்தில் வலி முழுவதும் நீங்கியவர்கள் 35 விழுக்காடு, வழக்கமான முறையில் 14. ஆனால் அமெரிக்காவில் நடந்து 2023இல் வந்த ஆய்வு, கதிர்வீச்சைக் கொடுத்த விதம் வேறாக இருந்த நிலையில், அப்படி மேன்மை எதையும் காட்டவில்லை. எவ்வளவு காலம் வாழ்வார் என்று கணிக்கும் டோக்குஹாஷி போன்ற மதிப்பெண்கள் 1990இல் உருவாகி 2005இல் திருத்தப்பட்டவை. பிறகு வந்த இலக்கு மருந்துகள், ஹார்மோன் வழி மருந்துகள் மார்பகப் புற்றில் கணக்கை மாற்றிவிட்டன. அந்த மதிப்பெண்ணை மட்டும் காட்டி யாராவது "பயனில்லை" என்றால், புற்றுநோய் மருந்து மருத்துவரின் கருத்தையும் கேட்காமல் ஏற்காதீர்கள். உங்கள் அம்மாவுக்கு அறுவை வேண்டுமா என்பதைப் படம் பார்க்காமல், அவரைத் தொட்டுப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன்.

ஒரு மாலைப்பொழுது போதும். அந்த 15இல் அண்மைய மூன்றை எடுத்துச் சுருக்கத்தை விட்டுவிட்டு, யாரைச் சேர்த்தார்கள், எத்தனை பேரைக் காணவில்லை, என்ன சிக்கல் வந்தது என்ற மூன்று இடங்களை மட்டும் படியுங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் இருந்தால் பப்மெட் அதைத் தெளிவாகக் குறித்திருக்கும். பிறகு நேரில் போய், புற்று பரவிய முதுகுக்குக் கடந்த ஓராண்டில் நீங்கள் எத்தனை பேருக்கு அறுவை செய்தீர்கள், எத்தனை பேரை மீண்டும் அறுவை அரங்கத்துக்குக் கொண்டுபோக நேர்ந்தது, அம்மாவின் படத்தைக் கதிர்வீச்சு மருத்துவரும் மருந்து மருத்துவரும் சேர்ந்து பார்த்தார்களா, அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரை நான் நம்புவேன். போகும்போது எம்.ஆர்.ஐ. அறிக்கைத் தாளோடு, குறுந்தட்டையும், முதல் முறை மார்பகத்தில் எடுத்த திசுப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். அந்தப் பழைய அறிக்கையில் ஹார்மோன் ஏற்பி பற்றி, அதாவது புற்று ஹார்மோன் வழி மருந்துக்குக் கட்டுப்படக்கூடியதா என்பது பற்றி இருக்கும் ஒரு வரி, கத்தியா கதிரா மருந்தா என்ற முடிவையே மாற்றக்கூடும்.